பல் ஆடுகிறது என்று போனால் சுகர் டெஸ்ட் எழுதித் தருகிறார்களே?

கேள்வி:

டாக்டர், என் கணவருக்கு வயது 49. மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஒரு வருடமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. கீழ் வரிசையில் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ரத்தம் வருகிறதே என்று இப்போது பிரஷ்ஷைத் தொடுவதில்லை, விரலால்தான் தேய்க்கிறார். கல்லாவில் உட்கார்ந்தபடி தீக்குச்சியால் பல் குத்துவது வேறு. பக்கத்து டவுனில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாயைப் பார்த்தவர், "முதலில் சுகர் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இவருக்குக் கோபம். "பல்லைக் காட்டப் போனா ரத்தத்தை எடுக்கச் சொல்றான், லேப்ல கமிஷன் இருக்கும்" என்கிறார். நான்தான் வற்புறுத்தி எடுக்க வைத்தேன். வெறும் வயிற்றில் 188, சாப்பிட்ட பிறகு 294, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4. சுகர் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். "சுகர் குறையட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்" என்கிறார் இவர். சுகர்காரர்கள் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது, க்ளீன் பண்ணினால் மற்ற பல்லும் ஆடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். எட்டு மாதம் முன்பு சிகரெட்டை விட்டார். அதற்குப் பிறகுதான் ரத்தம் அதிகம், விட்டதுதான் தப்பு என்றும் சொல்கிறார். சுகருக்கும் பல்லுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா? மாமியாருக்கும் பத்து வருடமாகச் சுகர். பல்செட் போட்டிருக்கிறார். காரம் பட்டாலே வாய் எரிகிறதாம். அதற்கும் இதுதான் காரணமா?

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பல் டாக்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கமிஷன் என்ற சந்தேகம் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். எல்லா இடத்திலும் அது வீண் சந்தேகம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் அவர் செய்தது சரி. ஐம்பது வயதைத் தொடுகிற ஒருவர், ஈறில் ரத்தம், ஆடுகிற முன்பற்கள் என்று வந்து உட்கார்ந்தால் சுகர் பார்த்ததுண்டா என்று கேட்காமல் வாயில் கருவியை வைப்பதுதான் தப்பு. அந்த ஒரு சீட்டு இல்லாவிட்டால் 9.4 என்ற எண் இன்னும் எத்தனை வருடம் கழித்து, எந்த ஆஸ்பத்திரியில், எதற்காகப் போனபோது தெரியவந்திருக்குமோ.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இந்த நோய் வலிக்காது. வலிக்காததற்கு நம் ஊரில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. பல் வலித்தால் போவார்கள், பல் ஆடினால் போவார்கள். அதனால் ஒருவருக்குச் சுகர் இருப்பதை முதலில் பார்க்கிறவர் பல் டாக்டராக இருப்பது எங்கள் தொழிலில் அபூர்வம் இல்லை.

சரி, சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும்.

பல் என்பது சுவரில் ஆணி அடித்த மாதிரி எலும்புக்குள் இறுகி நிற்பது இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் கயிறு தாங்குவதுபோல அந்த நார்கள்தான் பல்லைத் தாங்குகின்றன. அந்த நார் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. ரத்தத்தில் சர்க்கரை நாள்கணக்கில், மாதக்கணக்கில் கூடுதலாக ஓடினால் அது இந்தப் புரதத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. வழக்கமாகப் பழைய நாரை உடைத்துப் புது நாரைப் போட்டுக்கொண்டே இருக்கும் உடம்புக்கு அந்த வேலை தடுமாறுகிறது. ஈறுக்குப் போகிற மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவரும் தடிக்கிறது. கிருமியோடு சண்டைக்கு முதலில் வருகிற வெள்ளை அணுக்கள் வேகம் இழக்கின்றன. எச்சில் குறைகிறது. பல் இடுக்கில் கசிகிற நீரிலும் சர்க்கரை கூடுகிறது. கிருமிக்கு வீடும் கொடுத்து, சோறும் போட்டு, காவல்காரனையும் தூங்க வைத்த கதைதான்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று தெரிந்தது. 1993-ல் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்துக்கும் அடுத்த இடம். முப்பது வருடம் தாண்டிவிட்டது. இன்றும் சுகர் நோயாளியிடம் காலைக் காட்டுங்கள் என்று சொல்லாத டாக்டர் குறைவு, வாயைத் திறங்கள் என்று சொல்கிற டாக்டரும் குறைவுதான்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தை உங்கள் கணவருக்கு ஒரு தீப்பெட்டியை வைத்தே விளக்கலாம், அவர் கையில்தான் எப்போதும் இருக்கிறதே.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் சின்னப் பள்ளம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. ஆரோக்கியமான வாயில் அது 1 முதல் 3 மி.மீ. ஆழம். ஈறு நோய் முற்றும்போது அது 5, 6, 7 என்று இறங்குகிறது. அந்தப் பள்ளத்தின் உள்சுவர் முழுவதும் புண். வெளியே தெரியாது, ஈறு மூடிக்கொண்டிருக்கும். நோய் பரவிய ஒரு வாயில் எல்லாப் பற்களைச் சுற்றியும் இருக்கும் புண்ணைப் பிரித்து ஒரே இடத்தில் விரித்தால் கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவுக்குக்கூட வரும். சீழும் கிருமியுமாக அவ்வளவு பெரிய ரணம் உங்கள் கணவரின் காலில் இருந்தால், சுகர் குறையட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வாரா? அன்றைக்கே வண்டி எடுத்திருப்பார்.

அந்த ரணத்திலிருந்து கிருமிகளும், அவற்றோடு போராட உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருள்களும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன. அவை இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. அதாவது சுகர் ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சுகரை ஏற்றுகிறது. "முதலில் அது குறையட்டும், அப்புறம் இது" என்பது இந்த இடத்தில்தான் செல்லாமல் போகிறது. குறைய விடாமல் இழுத்துப் பிடிப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறதே.

ஈறை முறையாகச் சுத்தம் செய்தால் சுகர் எவ்வளவு குறையும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022-ம் வருடத்து அறிக்கை, மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குகிறது என்கிறது. 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே பல்லைச் சுத்தம் செய்தால் 9.4 தானாக 7 ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரை, சாப்பாடு, நடை இவற்றின் இடத்தை எதுவும் பிடிக்காது. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் பெரிய பக்க விளைவு இல்லாமல் கிடைக்கிற 0.4-ஐ வேண்டாம் என்று தள்ளவும் காரணம் இல்லை. பல்லும் மிஞ்சும்.

சிகரெட் விஷயம் சுவாரசியமானது, உங்கள் கணவர் கவனித்தது சரிதான். விட்ட பிறகு ரத்தம் கூடும். ஆனால் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நிகோடின் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே புண் இருந்தாலும் வெளியே ரத்தம் வராது, ஈறு வெளுத்துக் கெட்டியாக, நன்றாக இருப்பதுபோல நடிக்கும். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றிய பிறகே தெரிவதற்கு இது ஒரு காரணம். விட்டதும் ரத்த ஓட்டம் திரும்புகிறது, மறைந்திருந்தது வெளியே வருகிறது. தீப்பிடித்தபோது அடிக்காமல் கிடந்த மணி இப்போதுதான் அடிக்கிறது. விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

அடுத்து, பல்லைப் பிடுங்கும் பயம். இதில் பாதி உண்மை இருக்கிறது. சுகர் கட்டுக்கடங்காமல் இருக்கும்போது பல் எடுத்தால் குழி மெதுவாக ஆறும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். அவசரமில்லாத பல்லை அந்த நிலையில் எடுக்காமல் சில வாரம் தள்ளிப் போடுவோம். ஓரளவு கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறும். ஆனால் பல்லின் வேரில் சீழ் கோத்து முகம் வீங்கினால் கதை வேறு. அந்தச் சீழ் உள்ளே இருக்கும்வரை எந்த மாத்திரை போட்டாலும் சுகர் இறங்க அடம் பிடிக்கும். அப்போது சுகருக்கும் சீழுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினாலோ, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், பல் எடுக்க வந்த ஒரு பெரியவரிடம் சுகர் இருக்கிறதா என்று கேட்டேன், மாத்திரை போட்டீர்களா என்றும் கேட்டேன். போட்டேன் என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். ஆபரேஷன் மாதிரி வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று அவராக நினைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பதினொன்றரை மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சுகர் குத்திப் பார்த்தால் 52. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "பல்லை எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் முதலில் கேட்கும் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான்.

அதனால் உங்கள் கணவர் போகும்போது டிபன் சாப்பிட்டு, சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, காலை நேரத்தில் போகட்டும். என்னென்ன மாத்திரை என்று சொல்லத் தெரியாவிட்டால் அட்டையைக் கையோடு எடுத்துப் போகட்டும். பி.பி. மாத்திரையும் இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அதைத் தானாக நிறுத்தக் கூடாது, பல் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் போதும். மரத்துப்போக ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் மெல்ல முடியாது என்பதையும் மனதில் வைத்து அன்றைய மதியச் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்பதை நான் வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். இது எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். எலும்பு கரைந்து, நார் அறுந்து, பல் ஏற்கெனவே பிடிமானம் இழந்திருக்கும். பல்லைச் சுற்றிப் படிந்த காரை அடுத்தடுத்த பற்களை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும், கரையான் அரித்த கதவைப் பெயின்ட் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. காரையை எடுத்ததும் உள்ள நிலைமை தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது. ஈறு வீக்கம் வடிந்ததும் பல் நீளமாகத் தெரியும், இடைவெளி தெரியும், சில வாரம் கூசும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை. நாங்கள் பலர் சொல்வதில்லை, அது எங்கள் தப்பு.

உங்கள் கணவருக்கு வெறும் க்ளீனிங் போதாது என்று நினைக்கிறேன். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் பள்ளத்தை அளக்க வேண்டும். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும். ஆழமான இடங்களில் மரக்க வைத்து ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்வார்கள், இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஆடுகிற பல் இறுகுமா என்று கேட்டால், வீக்கத்தால் ஆடுவது குறையும், எலும்பு போனதால் ஆடுவது அப்படியே இருக்கும். போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. கொஞ்சம் ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு உள்பக்கமாகக் கம்பியால் கட்டி வைத்துப் பல வருடம் ஓட்டலாம். எடுத்தே ஆக வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்யும் டாக்டரைவிட, சுத்தம் செய்து மூன்று மாதம் பார்க்கலாம் என்கிற டாக்டரை நான் அதிகம் நம்புவேன். செலவு யோசனையாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் கேளுங்கள்.

வீட்டில் இன்றே மாற்ற வேண்டியது தீக்குச்சி. அது இடுக்கைச் சுத்தம் செய்யாது, ஈறைக் குத்திக் குழிதான் பறிக்கும். இடுக்கு அகலமாகிவிட்டவர்களுக்கென்று பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி பல்லிடுக்கு பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது. எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ரத்தம் வருகிறதென்று விரலுக்கு மாறியது அடுத்த தப்பு. ரத்தம் வருகிற இடம்தான் அழுக்கு இருக்கிற இடம். மெத்தென்ற பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்து வைத்து மெதுவாக அசைக்கட்டும். முதல் வாரம் ரத்தம் வரும், வரட்டும். நம் வீடுகளில் காலையில் தேய்ப்பதற்குப் பல் தேய்க்காமல் காபி கிடையாது என்ற அளவுக்குச் சட்டம் இருக்கிறது, ராத்திரிக்கு ஒரு சட்டமும் இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், சுகர் உள்ளவருக்குக் கேட்கவே வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டு, படுக்குமுன் ஒரு தடவை தேய்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்கும், வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கும் பாட்டிக்கும் இருக்கிறது என்பதே போதுமான காரணம். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். வாய் எரிச்சலை அல்சர் என்றும் உடம்புச் சூடு என்றும் நினைத்து மோர் குடித்துக் காலம் கடத்துபவர்கள் நிறைய. பத்து வருடச் சுகர், பல்செட், காரம் பட்டால் எரிச்சல் மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பூஞ்சை. பல்செட்டைக் கழற்றச் சொல்லி மேலண்ணத்தைப் பாருங்கள். செட் உட்காரும் இடம் மட்டும் அச்சு வைத்ததுபோலச் சிவந்திருந்தால் அநேகமாக அதுதான். வழித்தால் வருகிற தயிர் ஆடை மாதிரி வெள்ளைப் படலமும் சிலருக்கு இருக்கும். உதட்டோரம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூஞ்சைக்கு நல்ல மருந்து இருக்கிறது, பல் டாக்டர் பார்த்து எழுதித் தருவார். ஆனால் ராத்திரியும் பல்செட்டோடு தூங்குகிறாரா என்று கேளுங்கள். வயதானவர்களில் பலர் பேரப்பிள்ளைகள் முன்னால் பொக்கை வாயாகத் தெரியக் கூச்சப்பட்டுக் கழற்றுவதே இல்லை. அப்படியென்றால் மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வரும். அவர் மனம் நோகாதபடி நீங்களே ஒரு மூடி போட்ட டப்பா வாங்கிக் கொடுங்கள். படுக்கும்போது கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அதில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைக்கட்டும். வெந்நீர் மட்டும் வேண்டாம், செட் வளைந்துவிடும்.